கருப்பரை வலம் வந்த கண்டக்டர்

கண்டக்டர் விசில் ஊதினால்தான் மினிபஸ் நகரும். எங்கள் ஊர் மினிபஸ்ஸில் பெரியண்ணன் அண்ணன் கண்டக்டராக இருந்த காலத்தில் அந்த விசில் அடிக்கடி தொலைந்துபோகும். அதுவும் கறம்பக்குடிக்குப் போகிற காலை முதல் நடையில்தான் தொலையும். நான் பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்துக்கரை வழியாக ஓட்டமும் நடையுமாக வருவேன். பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே அண்ணன் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, இன்னைக்கும் காணோமா?" என்று டிரைவர் நாகராசு முன்னால் இருந்து கத்துவார்.

"இங்கிட்டுத்தாம்ப்பா உருண்டுச்சு. இரு. ஐயா, கொஞ்சம் காலத் தூக்குங்க. அம்மா, நீங்களும் தூக்குங்க."

பஸ்ஸே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் ஏறி, கூடையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்ததும் விசில் கிடைத்துவிடும்.

பாவம், மனுசனுக்கு இந்த வயதிலேயே இவ்வளவு மறதியா என்று நான் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய்கூட உடைத்தேன். தேங்காய் உடைத்தும் மறதி தீரவில்லை. கோயில் வாசலில் கறுப்புக் கயிறு ஒன்று வாங்கி வந்து, "இதுல கோத்துக் கழுத்துல போட்டுக்குங்கண்ணே, தொலையாது" என்று கொடுத்தேன். வாங்கி அங்கேயே கோத்துக்கொண்டார். மறுநாள் நான் பிந்தி ஓடிவந்தபோது, கயிறும் விசிலுமாகச் சட்டைக்குள் கிடக்க, சீட்டுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் வேலையை விட்டு வெகுநாள் கழித்து நாகராசுதான் சொன்னார். "கிறுக்குப்புள்ள, ஒனக்காகத்தான் அந்தாளு தேடுனாரு. நீ ஏறுறவரைக்கும் விசிலு கெடைக்காது. எனக்கும் தெரியும், பஸ்ஸுல உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். காலத் தூக்கித் தூக்கி எங்களுக்கு வயித்துவலிதான் மிச்சம்."

பெரியண்ணன் அண்ணன் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன். மற்றபடி உண்மையைச் சொல்லியே ஊர்வம்பை விலைக்கு வாங்கியவர். கருப்பர் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டைப் பூசாரி பிச்சைமுத்து பஸ்ஸில் ஏற்றியபோது, ஆட்டுக்கும் டிக்கெட் போட்டவர் அவர். "சாமி ஆட்டுக்கு டிக்கெட்டா?" என்று பூசாரி குதித்தார். "சாமி ஏறுனா டிக்கெட் கெடையாது. இது இன்னும் ஆடுதான்" என்று கிழித்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபத்தைப் பூசாரி பல வருசம் வாடாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

நெஞ்சில் அடைப்பு வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிக்கூடு வைத்து, இனி ஓடும் வண்டியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அண்ணன் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது அவர் மனைவி அழகம்மைக்குப் பொறுக்காது. "எங்க உட்காந்தாரு? அடுப்படிக்கும் வாசலுக்கும் ட்ரிப் அடிக்கிறாரு" என்பார். வீட்டுக்குள் நடக்கும்போதும் கால் அகட்டி, ஒரு கை மேலே கம்பியைத் தேடுவதுபோலத்தான் நடப்பார். கடைசியில் அழகம்மையே அவரை டவுன் லைப்ரரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஃபேன் உண்டு, பேப்பர் உண்டு, பேச்சுக்கு ஆள் உண்டு.

அந்த லைப்ரரிக்குத்தான் வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். பார்க்க இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும். கைப்பிடி உண்டு, முன்னால் பளிச் பளிச்சென்று ஒரு விளக்கு உண்டு. ஒரு பொருளைச் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால், முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று அந்தப் பொருளின் முழு உருவமும் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். பிறகு விரலால் தள்ளினால் உள்ளே அது திரும்பித் திரும்பிக் காட்டும். அந்த உருவத்தை வைத்து, வேறொரு மெஷினில், உலகத்தில் எந்த மூலையிலும் பிளாஸ்டிக்கில் வார்த்து எடுத்துவிடலாமாம். லைப்ரரி மெம்பர் என்றால் புத்தகம் எடுப்பதுபோல அதையும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அங்கே லைப்ரரியனாக இருக்கிற சின்னப்பொண்ணு அன்புமொழி இதை விளக்கிச் சொன்னபோது, அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாராம்.

ஏனென்றால் அவருக்கு அப்போது ஒரு பெரிய கவலை இருந்தது.

ஒரே மகள் பூங்கோதை கனடாவில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கிடந்தபோது, அண்ணன் இங்கே குளத்துக்கரைக் கருப்பர் முன்னால் விழுந்து வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்குத்தான், உன் கண் முன்னால்தான் இறக்குவேன், அதுவரை கத்திரி படாது என்று. பிள்ளை பிழைத்தான். நிலவழகன் என்று பெயர். கருப்பர் தன் பங்கைச் செய்துவிட்டார். இவர் பங்குதான் நின்றுபோனது. அங்கே ஏதோ குடியுரிமைப் பேப்பர் நடக்கிறதாம். அது முடியாமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். ஒரு வயதில் வர முடியவில்லை. மூன்றும் வந்துவிட்டது. நாங்கள் ஒற்றைப்படை வயதில்தான் முடி இறக்குவோம். தை பிறந்தால் நாலு தொடங்கிவிடும். பிறகு ஐந்துவரை காத்திருக்க வேண்டும்.

"அப்பா, இவனுக்கு இப்பவே ரெட்டை ஜடை போடலாம்" என்று பூங்கோதை போனில் அழுவாள். "ஸ்கூல்ல எல்லாரும் பொம்பளப் புள்ளைன்னே நெனைக்கிறாங்க. பாத்ரூமுக்குக்கூடத் தப்பா அனுப்பிட்டாங்க. இங்கயே ஒரு கோயில்ல எடுத்துர்றேனே?"

"அங்க உள்ள சாமிக்கிட்டயா நான் கடன் சொன்னேன்?"

"அப்ப கருப்பர இங்க அனுப்பி வைங்க!"

கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் லைப்ரரியில் அந்த மெஷினைப் பார்த்ததும் அண்ணனுக்கு அது அசரீரிபோல் கேட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால், கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே வைத்துக் கும்பிடுவார்கள். பிடிமண் எடுக்கலாம் என்றால், பிடி உருவம் எடுக்கக்கூடாதா? "எனக்குள்ள இருக்கிற கம்பி அஞ்சு வயசுவரைக்கும் தாங்குமான்னு டாக்டரே உறுதி சொல்லல, தாயி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். "நான் இருக்கையில இந்தக் கடனத் தீக்கணும்."

ஒரு திங்கட்கிழமை மெஷினையும் அதோடு சேர்ந்த கம்ப்யூட்டரையும் ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தார். அடுத்த திங்கள் காலையிலேயே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதன்பிறகு அது வரிசையாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறதாம். பொங்கலுக்கு அப்புறம்தான் திரும்ப வருமாம்.

முதலில் கைப்பழக்கத்துக்கு வீட்டிலேயே ஆரம்பித்தார். இட்லிக் கொப்பரையை எடுத்தார். பளபளப்பில் மெஷினுக்குக் கண் கூசி, கொப்பரை கிழிந்த சாக்குபோல வந்தது. வெள்ளாட்டை எடுத்தார், அது சும்மா நிற்காமல் திரும்பியதில் ஆறு காலோடு வந்தது. பிறகு அழகம்மையை முருங்கை மரத்தடியில் உட்காரவைத்துச் சுற்றி வந்தார். உருவம் அச்சாக வந்துவிட்டது. அழகம்மை கம்ப்யூட்டருக்குள் தன்னைத் திருப்பிப் பார்த்தார். முகத்தை ஒரு பார்வை பார்த்துத் தள்ளினார். பின்பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இது யாரு முதுகு?"

"ஒன் முதுகுதான்."

"இம்புட்டுக் கூனா? கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் நிமிந்து நடன்னு சொன்னியளா?"

"நான் முன்னாடி நடந்து போறவன். எனக்கெப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து அழகம்மை நிமிர்ந்துதான் நடந்தார். மெஷினால் எங்கள் ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

அடுத்தது பூசாரி. பிச்சைமுத்து பூசாரி ஆட்டு டிக்கெட்டை மறந்திருப்பார் என்று அண்ணன் நினைத்தார்.

"வாங்க கண்டக்டரே. சாமிய மிஷினுக்குள்ள ஏத்தப் போறியளாமே? அதுக்கு எம்புட்டு டிக்கெட்டு?"

"பூசாரி, பழசக் கெளறாத. பேரன் முடிக்காகக் கேக்குறேன்."

"நான் யாரு குடுக்க? அவருக்கிட்ட உத்தரவு கேப்போம். வலப்பக்கம் பல்லி சொல்லட்டும்."

கருப்பர் குளத்துக்கரையில் வேப்பமரத்தடியில் நிற்கிறார். இடுப்பு உயரக் கல். கையில் அரிவாள். மேலே ஓட்டுக்கொட்டகை. வெள்ளிக்கிழமை பல்லிக்காகப் போய் உட்கார்ந்தோம். நான் மாலையோடு போயிருந்தேன். பொழுது ஏறியது. கொட்டகையில் பல்லி இருக்கிறது, எல்லோரும் பார்க்கிறோம், அது எங்களைப் பார்க்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. அண்ணன் சும்மா இருக்க முடியாமல் மெஷினில் சார்ஜ் இருக்கிறதா என்று பொத்தானை அமுக்கினார். உடனே அது "டிக் டிக் டிக்" என்றது.

பூசாரி சட்டென்று நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வலப்பக்கம்! மூணு தடவ! உத்தரவு குடுத்துட்டாருய்யா!"

நான்கூட கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அழகம்மை குலவை போட வாயைக் குவித்தார்.

"அது மெஷினு சத்தம் பூசாரி" என்றார் அண்ணன்.

அழகம்மை குலவையை விழுங்கிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன? திங்கக்கெழமை வந்துருச்சுல்ல!"

"கருப்பருக்கிட்டயே கள்ள டிக்கெட்டு குடுக்கச் சொல்றியா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கொட்டகையின் வலது மூலையில் இருந்து பல்லி சொன்னது. நிஜப் பல்லி. ஒரு முறை சொல்லி நிறுத்தாமல் தொடர்ந்து சொன்னது. பூசாரி முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தாலும் எழுந்து மணியை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. ஆனால் நம் சாமியை அந்த மெஷின் பார்க்கவேண்டுமே. வருசக்கணக்காக எண்ணெய்க் காப்புச் செய்து கருப்பர் கண்ணாடி மாதிரி மின்னுகிறவர். கறுப்பும் மினுக்கமும் சேர்ந்தால் மெஷினுக்குக் கண் தெரியாது என்றும், மேலே வெள்ளையாக ஏதாவது பொடி பூசவேண்டும் என்றும் அன்புமொழி போனில் சொன்னது. பவுடர் பூசலாமா என்று அண்ணன் தயங்கியபடி கேட்டார். பூசாரி சிரித்தார். "பவுடரு எதுக்கு? விபூதிக் காப்பு செஞ்சுருவோம்." அதுவரை சரி. வெள்ளிக் கண்மலர் மின்னுகிறது, அதையும் மூடவேண்டும் என்றதும் சண்டை வந்தது.

"கண்ண மறைச்சா ஊர யாரு பாக்குறது?"

"அரைமணி நேரம்தான் பூசாரி. அதுவரைக்கும் நீ பாத்துக்க."

பூசாரி யோசித்தார். பொறுப்பு பெரியதுதான். ஆனால் மறுக்கவில்லை.

வேட்டி விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியவில்லை. துணி காற்றில் ஆடினால் உருவம் கலைந்துவிடும், அதைக் கழற்றிவிட்டால் நல்லது என்று அன்புமொழி சொன்னதை அண்ணன் மெல்ல எடுத்துச் சொன்னார். "கம்ப்யூட்டருக்குள்ள சாமி அம்மணமா நிக்கணுமா? கனடாக்காரன் நம்ம ஊரப்பத்தி என்ன நெனைப்பான்?" என்று பூசாரி மடக்கினார். கடைசியில் அழகம்மை வடிகஞ்சியை ஊற்றி ஊற்றிப் புது வேட்டி ஒன்றைக் காயப்போட்டார். காய்ந்ததும் கொடியில் இருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அது தானாக நின்றது. கருப்பருக்குக் கட்டியபோது தச்சன் செய்த வேட்டி போல இருந்தது. புயல் அடித்தாலும் ஆடாது.

ஞாயிற்றுக்கிழமை சாதாரண நாளில் விபூதிக் காப்பு என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, ஊரில் பாதி தேங்காய் பழத்தோடு வந்துவிட்டது. எனக்கும் பூ தீர்ந்துபோனது. வெயில் படக்கூடாது என்று சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று விபூதிக் காப்பில் கருப்பர் நின்றார். கண்மலரிலும் விபூதி. பூசாரி பக்கத்தில் நின்று, ஊர்ப்பக்கம் பார்த்துக் கண்ணை இமைக்காமல் விழித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை அழகம்மை ஒரு முக்காலியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அன்புமொழி போனில், ஸ்பீக்கரில் இருந்தது.

அண்ணன் மெஷினைப் பிடித்துக்கொண்டு, "ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிப் புறப்பட்டார். ஓடும் பஸ்ஸில் நடந்து பழகிய கால். கையில் உள்ள மெஷின் அசையவே இல்லை. முன்பக்கம் அருமையாக வந்தது. மீசை, அரிவாள், அதன் நுனியில் எலுமிச்சம்பழம்வரை வந்துவிட்டது. பின்பக்கம் போகும்போதுதான் வினை. அங்கே வேப்பமரம் சிலைக்கு நெருக்கமாக நிற்கிறது. ஆள் ஒடுங்கி நுழையவேண்டும். ஒடுங்கியதும் தூரம் மாறி, மெஷின் கத்திவிட்டு நின்றுபோனது.

"பரவால்லங்கய்யா" என்றது அன்புமொழி. "விட்ட எடத்துல இருந்து ரெண்டு எட்டு பின்னாடி வாங்க. அதுவே மறுபடி பிடிச்சுக்கும்."

அண்ணன் பின்னால் வரவில்லை. முன்னால் போனார். மரத்தைத் தாண்டி, வடக்கே வந்து, கிழக்கே வந்து, கருப்பர் முகத்துக்கு எதிரே ஒரு கும்பிடு போட்டு, மறுபடியும் ஒரு முழுச் சுற்றாக அந்த இடத்துக்கு வந்தார். மெஷின் மறுபடியும் அங்கேயே கத்தி நின்றது. மறுபடியும் முழுச் சுற்று.

"அய்யா, எங்க போறீங்க? ரெண்டே எட்டு, பின்னாடி!"

"அம்மா, சாமிய எடமாச் சுத்தலாமா?"

"சுத்த வேணாம்யா. ரெண்டு எட்டுதான்."

"அந்த ரெண்டு எட்டும் எடந்தானம்மா."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும்தான். வலம் வந்த காலை இடமாகத் திருப்புவது யாரால் முடியும்? என் காலே திரும்பாது.

"நீங்க ஏன்யா சாமின்னு நெனைக்கிறீங்க? ஒரு ஆப்ஜெக்ட சுத்தி..."

"ஆப்ஜெக்டா?" பூசாரி ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டு போனைப் பார்த்தார். "யாரு அந்தப் பொண்ணு? எங்க குலசாமியவா ஆப்ஜெக்டுங்குது?"

போனில் பட் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பிள்ளை அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டது. "மன்னிச்சுருங்க ஐயா. எங்களுக்கும் கருப்பருதான் குலசாமி. வாய் தவறிருச்சு" என்றது.

அண்ணன் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் பின்னால் ஒரு பாட்டி சேர்ந்தது. பிறகு இரண்டு பெண்கள். ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து ஒரு குடும்பமே கைக்குழந்தையோடு சேர்ந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அழகம்மை, "ஏங்க, கருப்பருக்குக் கொலுசு போட்ட காலு ஒண்ணு மொளைச்சிருக்கு!" என்று கத்தினார். எல்லோரையும் தள்ளி நிறுத்தி, கொலுசுக் காலை அன்புமொழி சொல்லச் சொல்ல அழித்தார்கள். பிறகு பார்த்தால் முன்னால் முழுக் கருப்பர், பின்னால் ஒன்றுமே இல்லை. முகமூடி மாதிரி குழிந்து கிடந்தது.

அண்ணன் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. மெஷினில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. கோயிலில் கரண்ட் கிடையாது. மறுநாள் விடிந்தால் பெட்டி டவுனுக்குப் போகவேண்டும். அவர் வேப்பமர வேரில் மெல்ல உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். அழகம்மை முக்காலியை விட்டு ஓடிவந்தார்.

"போதும்ங்க. கருப்பரு கோவிச்சுக்க மாட்டாரு. அஞ்சு வயசுல பாத்துக்குவோம்."

"அஞ்சுல நீ பாப்ப" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். அழகம்மை முந்தானையால் அவருக்கு விசிறினார். நான் மனதுக்குள், கருப்பரே, இந்த மனுசனைக் கைவிட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் தலை நிமிர்த்தினார்.

"பூசாரி, ஒண்ணு கேக்குறேன். பஸ்ஸு ரிவர்ஸ் வருதுல்ல, அது யாரு பொறுப்பு?"

"கண்டக்டரு பொறுப்பு. அவன் விசிலுக்குத்தான் வருது."

"பஸ்ஸு எங்கயாச்சும் இடிச்சா?"

"கண்டக்டரத்தான் வைவாய்ங்க. பஸ்ஸுக்கு என்ன தெரியும்?"

"அப்பச் சரி." அண்ணன் எழுந்து சட்டைக்குள் கையை விட்டு, கறுப்புக் கயிற்றோடு அந்த விசிலை வெளியே எடுத்தார். வேலையை விட்டும் கழற்றவில்லை மனுசன். "நான் பஸ்ஸு. நீ கண்டக்டரு. நானா பின்னாடி வரல. நீ ஊதுனா வண்டி வரும்."

கூட்டம் நெருங்கி வந்தது. பூசாரி விசிலையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்பப் பாவம் என்னையில்ல சேரும்?"

"ஒனக்கு அவரு பழக்கம். பேசித் தீத்துக்குவ."

அதற்கு மேல் பூசாரி யோசிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விசிலை வாங்கினார். "சின்ன வயசுலேருந்து இத ஒரு தடவ ஊதிப் பாக்கணும்னு எனக்கு ஆச, கண்டக்டரே" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆட்டு டிக்கெட் அன்றோடு தீர்ந்தது.

அண்ணன் மரத்தடிவரை போனார். மெஷின் கத்தியது. பூசாரி இரண்டு கன்னமும் உப்ப ஊதினார். குளத்தில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

"வரலாம்... வரலாம்... நேரா வரலாம்... கொஞ்சம் ஒடிச்சு... போதூம்!"

அண்ணன் இரண்டு எட்டு பின்னால் வந்தார். மெஷின் பிடித்துக்கொண்டது. "ரைட்! போலாம்!" என்று பூசாரி அடுத்த விசில் அடித்தார். மரத்தைத் தாண்டியாயிற்று. முதுகு வந்தது, வேட்டி மடிப்பு வந்தது. தேவை இல்லாத இடத்திலெல்லாம் பூசாரி ஊதினார். யாரோ, "பூசாரி, ஊர யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டதற்கு, "ஊரு எங்க போயிறப் போவுது?" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினார். கடைசிச் சுற்றில் தீபாராதனைக்கு மணி எடுக்கவேண்டியிருந்ததால் விசிலைக் கருப்பர் காலடியில் பீடத்தின்மேல் வைத்தார். "முழுசா வந்துருச்சுங்கய்யா!" என்று அன்புமொழி போனில் கத்தியது. அழகம்மை விழுங்கி வைத்திருந்த குலவை அப்போதுதான் வெளியே வந்தது.

சூடம் அணைந்ததும் பூசாரி விசிலைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் வாங்கவில்லை. "காலடியில வச்சாச்சு. இனிமே அவருது" என்றார். பூசாரி அதைக் கறுப்புக் கயிற்றோடு அரிவாளின் பிடியில் கட்டிவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

திங்கட்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன பஸ்ஸில் நானும் இருந்தேன். உள்ளே கருப்பர் இருக்கிறார் என்று தெரிந்து பெட்டிக்குப் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை. இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அண்ணன் வழக்கம்போலப் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார். புதுக் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமிக்கு எப்படிண்ணே டிக்கெட்டு போடுறது?" என்றான். அண்ணன் யோசித்துப் பார்த்தார். "சாமி ஏறுனா கெடையாதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்புமொழி கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிய உருவத்தை, அங்கே கனடாவிலும் ஒரு லைப்ரரியில்தான் வார்த்து எடுத்தார்களாம். அன்றைக்கு அந்த மெஷினில் பச்சைப் பிளாஸ்டிக்தான் இருந்ததாம். ஒரு சாண் உயரத்தில் பச்சைக் கருப்பர் வந்து சேர்ந்தார். பூங்கோதை பயந்துகொண்டே போனில் காட்டினாள். பூசாரி உற்றுப் பார்த்துவிட்டு, "ஊருக்கு ஊரு தண்ணி வேற. அங்க உள்ள குளுருக்குப் பச்சையாத்தான் இருப்பாரு" என்று தீர்ப்புச் சொன்னார். மீசை சரியாக இருந்தது. கஞ்சி வேட்டி சரியாக இருந்தது. காலடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு புடைப்பும் இருந்தது. அது விசில்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாளில் அங்கே காலை, இங்கே சாயங்காலம், முடி இறக்கினார்கள். தாய்மாமன் மடிக்கு, அங்கே லாரி ஓட்டுகிற நம் கறம்பக்குடிப் பையன் ஒருவன் மாமனாக உட்கார்ந்தான். இங்கே கருப்பர் முன்னால் நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். நிலவழகன் சவரக்கத்தியைப் பார்த்ததும் வீட்டை இரண்டாக்கினான். பச்சைக் கருப்பரைக் காட்டினாலும் அழுகை நிற்கவில்லை. பூசாரி சட்டென்று அரிவாளில் தொங்கிய விசிலைப் பிடித்து, கட்டை அவிழ்க்காமலேயே குனிந்து ஒரு ஊது ஊதினார். பிள்ளை அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். கத்தி நகர்ந்தது.

மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பேரன் சிரித்தபோது அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "வேர்க்குது" என்றார். கார்த்திகைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே அவர் சொன்ன பொய் ஒன்றில்லை, இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். கருப்பர் இரண்டையும் மன்னித்திருப்பார்.

மாசி மாதம் அவருக்குத் திருச்சியில் ஆப்பரேசன் என்றார்கள். அதிகாலையில் கார் வந்தது. பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். நான் கூடையில் இருந்து கொஞ்சம் மல்லிகை எடுத்து அழகம்மை கையில் கொடுத்தேன். அதற்குள் மினிபஸ் வந்து நின்றுவிட்டது. நான் அவரையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தேன். திருச்சிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காரின் கண்ணாடியை இறக்கி அவர் சொன்னதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

"ஓடு தாயி. இனிமே கொஞ்சம் வெள்ளனவே கெளம்பு. விசிலு இப்பக் கருப்பருக்கிட்ட இருக்கு. அவரு ஒனக்காகப் பொய் சொல்ல மாட்டாரு."